கல்வி உதவித்தொகை ஓர் அமானிதம்

 



ஆண்டுதோறும் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்து, சென்டாக் சேர்க்கைப் பட்டியல்கள் வெளியிடப்படும் காலத்தில், புதுச்சேரியின் கிராமப்புறங்களாகிய வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உள்ள நம் இல்லங்களில் இரண்டே கேள்விகள் எழுகின்றன. பிள்ளைக்கு இடம் கிடைத்ததா என்பது ஒன்று. பணத்திற்கு என்ன வழி என்பது மற்றொன்று. கணினி அறிவியல் படிக்க விரும்பும் பிள்ளைகள் பெருகிவிட்ட இக்காலத்தில், இரண்டாம் கேள்விக்குப் பல பெற்றோர் சொல்லும் விடை, 'ஸ்காலர்ஷிப் கிடைத்தால் படிக்க வைக்கலாம்' என்பதே.

ஆனால் அந்த உதவித்தொகை மார்க்கத்தின் பார்வையில் என்ன? அது நன்கொடையா? கூலியா? கடனா? அதைப் பெற்றுப் படிக்கும் மாணவனின் ஒரு நாள் எவ்வாறு அமைய வேண்டும்? அத்தொகை நின்றுபோனால் அவனைத் தாங்க வேண்டிய பொறுப்பு யாருடையது? இவற்றை நாம் தெளிவாக அறிந்துகொள்வது அவசியமாகும்.

கற்போரைத் தாங்கிய கரங்கள்

கற்பவனுக்குப் பிறர் பொருள் கொடுத்துத் தாங்குவது புதிய வழக்கமன்று. மஸ்ஜிதுந் நபவியின் ஒரு பகுதியில் கூரையிட்ட திண்ணை ஒன்று இருந்தது. வீடோ வாசலோ இல்லாத ஏழை ஸஹாபாக்கள் அங்கேயே தங்கி, நபி (ஸல்) அவர்களிடம் கல்வி பயின்றனர். அவர்களே 'அஹ்லுஸ் ஸுஃப்ஃபா' எனப்பட்ட திண்ணைத் தோழர்கள். அவர்களுக்கான உணவை நபி (ஸல்) அவர்களும் மதீனத்து மக்களும் பகிர்ந்தளித்தனர். அபூஹுரைரா (ரலி) அவர்களும் அத்திண்ணையில் பசித்திருந்து கற்றவர்களே. வீட்டுக்கு ஒருவர், இருவர் எனத் திண்ணைத் தோழரை அழைத்துச் சென்று உணவளித்த குடும்பங்களுக்கு, பிற்காலத்தில் அவர்கள் அறிவித்த ஹதீஸ்களின் நன்மையிலும் பங்குண்டன்றோ!

பின்னர் அதே அறம் வக்ஃபு என்னும் நிலையான ஏற்பாடாக வளர்ந்தது. 11ஆம் நூற்றாண்டில் அமைச்சர் நிஜாமுல் முல்க் பக்தாதில் நிறுவிய நிஜாமிய்யா மத்ரஸாவில், மாணவர்களின் செலவுக்கென வக்ஃபு வருவாய் ஒதுக்கப்பட்டிருந்தது. 1091ஆம் ஆண்டில் அங்கே பேராசிரியராக அமர்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாறு நம் பிள்ளைகள் அறிய வேண்டியதாகும். கம்பளி நூற்றுப் பிழைத்த அவர்களின் தந்தை, இறக்கும் தறுவாயில் தம் இரு மைந்தரையும் சிறு தொகையொன்றையும் ஒரு ஸூஃபி நண்பரிடம் ஒப்படைத்தார். அத்தொகை தீர்ந்ததும், தாமும் ஏழையாகிய அந்நண்பர், மாணவர்க்கு உணவளிக்கும் மத்ரஸா ஒன்றில் சேர்ந்துகொள்ளுமாறு அச்சிறுவர்களுக்கு அறிவுறுத்தினார். முதலில் உணவுக்காகவே அங்குச் சென்றதாகவும், கல்வியோ தம்மை அல்லாஹ்வின் பக்கமே திருப்பிவிட்டதாகவும் இமாம் அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். அந்த மத்ரஸாவில் உணவு கிடைத்திராவிட்டால், இஹ்யா உலூமித்தீனை எழுதிய கரம் நூல் நூற்கவே போயிருக்கக்கூடும்.

நாம் வாழும் இம்மண்ணுக்கும் இது புதிதன்று. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த கல்விச்சாலை ஒன்றைப் பேணுவதற்காக மூன்று ஊர்களின் வருவாய் அளிக்கப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூரின் வயல்கள், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மாணவர்களுக்குச் சோறிட்டிருக்கின்றன. பயின்ற கல்வி வேறாயினும், கற்பவனைச் சமூகம் தாங்க வேண்டும் என்னும் அறம் ஒன்றே.

ஒரு மாணவனின் ஒரு நாள்

பாகூர்ப் பகுதியிலிருந்து காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்திற்கு நாள்தோறும் சென்று கணினி அறிவியல் பயிலும் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம் அது. பாகூர் நகருக்குத் தெற்கே. காலாப்பட்டு நகருக்கு வடக்கே. ஒரு வழிக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சுப்ஹு தொழுத கையோடு புறப்பட்டு, கடலூர்ச் சாலையில் ஒரு பேருந்து, புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் இறங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மற்றொரு பேருந்து என அவன் செல்கின்றான். கையில் உம்மா கட்டித் தந்த சோறு. முதுகுப் பையில் மடிக்கணினி.

இவ்விடத்தில் ஒரு மார்க்கச் சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். நாள்தோறும் இவ்வளவு தூரம் சென்றாலும் அவன் ஷரீஅத்தின் பார்வையில் முஸாஃபிர் ஆகமாட்டான். தொழுகையைச் சுருக்குவதற்குரிய தூரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என உலமாக்கள் கணக்கிட்டுள்ளனர். எனவே அவன் லுஹரையும் அஸரையும் நான்கு ரக்அத்துகளாகவே, உரிய நேரத்தில் தொழ வேண்டும். வெள்ளிக்கிழமை ஆய்வக வகுப்பும் ஜுமுஆவும் மோதுமானால், பருவத்தின் தொடக்கத்திலேயே ஆசிரியரிடம் பணிவாக எடுத்துரைத்து, விடுபட்ட பயிற்சியை வேறு நேரத்தில் முடித்துத் தர ஒப்புக்கொள்வதே முறை. சொல்லாமல் வகுப்பை விட்டுச் செல்வதும் முறையன்று. வகுப்பைக் காரணங்காட்டி ஜுமுஆவைக் கைவிடுவதும் முறையன்று.

வகுப்பில் அவன் என்ன படிக்கின்றான்? 'எப்போது பார்த்தாலும் திரையையே பார்த்துக்கொண்டிருக்கின்றான்' என்று வீட்டில் குறைப்படுவோர் இதனை அறிந்துகொள்வது நல்லது. ஆயிரம் பெயர்கள் அகர வரிசையில் உள்ள பட்டியல் ஒன்றில் ஒரு பெயரைத் தேட வேண்டும் எனக் கொள்வோம். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆயிரம் முறை வரை பார்க்க நேரலாம். நடுப்பெயரைப் பார்த்து, தேடும் பெயர் அதற்கு முன்னா பின்னா என அறிந்து, பாதிப் பட்டியலைத் தள்ளிவிட்டு, எஞ்சிய பாதியிலும் அவ்வாறே செய்துகொண்டு போனால் பத்து முறைக்குள் முடிந்துவிடும். இத்தகைய செய்முறைகளைச் சிந்தித்து, கணினிக்குப் புரியும் கட்டளைகளாக எழுதுவதே அவனது கல்வி. ஒரு குறியீடு பிசகினாலும் கட்டளைத் தொடர் ஓடாது. அப்பிழையைத் தேடியே ஓர் இரவு கழிந்துவிடுவதும் உண்டு. இத்தகைய செய்முறைக்கு உலகம் வழங்கும் 'அல்காரிதம்' என்னும் பெயரே, 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணிதப் பேரறிஞர் அல்குவாரிஸ்மீ அவர்களின் பெயரிலிருந்து பிறந்ததுதான்.

வகுப்பு முடிந்தபின் அவன் ஆனந்தரங்கப் பிள்ளை நூலகத்தில் அமர்ந்து குறிப்பெடுக்கின்றான். விலை மிகுந்த நூல்களை அவன் வாங்க இயலாது. நூலகமே அவனது செல்வம். மீண்டும் இரு பேருந்துகள் ஏறி வீடு திரும்பும்போது, பல நாட்களில் மஃரிபுக்கு வழியிலுள்ள பள்ளிவாசலே இடமாகின்றது. இஷாவுக்குப் பின் மீண்டும் பாடம். இந்த நாள் முழுவதும் செலவாகும் பேருந்துக் கட்டணம், தேர்வுக் கட்டணம், இணையச் செலவு ஆகிய அனைத்தும் பிறர் பணத்திலிருந்து வருகின்றன. எனவே அவனுடைய ஒவ்வொரு மணி நேரமும் ஓர் அமானிதமாகும்.

மறுமையின் கேள்விகள்

மறுமை நாளில் ஆதமின் மகனிடம் ஐந்து விஷயங்கள் பற்றிக் கேட்கப்படாதவரை அவனுடைய பாதங்கள் நகரா என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஆயுளை எதில் கழித்தான், இளமையை எதில் செலவிட்டான், பொருளை எவ்வழியில் ஈட்டினான், அதனை எதில் செலவழித்தான், கற்றதைக் கொண்டு எவ்வாறு செயல்பட்டான் என்பனவே அவை (திர்மிதி). உதவித்தொகை பெறும் மாணவனுக்கு இவ்வைந்தும் ஒருசேரப் பொருந்துவதைக் காணுங்கள்.

முதலில், பொருள் வந்த வழி. வருமானச் சான்றிதழில் உண்மைக்குப் புறம்பான தொகையைக் காட்டி உதவித்தொகை பெறுவது, உண்மையான ஏழை மாணவன் ஒருவனின் பங்கைப் பறிப்பதாகும். 'அரசாங்கப் பணம்தானே' என்னும் சொல் மார்க்கத்தில் செல்லாது. பொதுச் சொத்தில் கைவைப்பது தனியொருவர் சொத்தில் கைவைப்பதைவிடக் கடுமையானது. இது வெறும் அச்சுறுத்தலன்று. சிறுபான்மையினர் உதவித்தொகை பெற்ற 1,572 கல்வி நிறுவனங்களை ஆய்ந்ததில், 830 நிறுவனங்கள் போலியானவை அல்லது செயல்படாதவை எனக் கண்டறிந்ததாகவும், இதனால் 144 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு ஏற்பட்டதாகவும் ஒன்றிய அமைச்சகம் கூற, 2023இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. யாரோ சிலர் செய்த மோசடியின் பழி, தகுதியுள்ள பிள்ளைகள் அனைவர் மீதும் விழுகின்றது.

அடுத்து, செலவழித்த வழி. கல்விக்கெனத் தரப்பட்ட தொகையில் புதிய கைப்பேசி வாங்குவதும், வீட்டு விசேஷத்தை நடத்துவதும் கொடுத்தவரின் நோக்கத்திற்கு மாறானவை. வீட்டில் உண்மையான நெருக்கடி இருக்குமாயின், உணவு, உடை, பயணம் போன்ற மாணவனின் வாழ்க்கைச் செலவுக்கு அது பயன்படுவதில் தவறில்லை. உதவித்தொகையில் பராமரிப்புப் பங்கு என்று வைக்கப்படுவதே அதற்காகத்தான். மென்பொருளை விலைகொடுத்து வாங்க இயலாதபோது திருட்டுப் பிரதியை நாடுவதும் வேண்டாதது. லினக்ஸ், பைத்தான் போன்றவை எவரும் இலவசமாகப் பயன்படுத்த உரிமை அளிக்கப்பட்டவை. ஹலாலான வழி திறந்திருக்க ஹராமான வழி எதற்கு?

பின்னர், கல்வியில் நேர்மை. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தபோது, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கக் கண்டார்கள். மக்கள் காணுமாறு ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா எனக் கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள் (முஸ்லிம்). நண்பன் எழுதிய கட்டளைத் தொடரைப் பெயர் மாற்றித் தருவதும், செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்ததைப் படித்துப் பார்க்காமலே தன்னுடையதாக ஒப்படைப்பதும் இந்த ஈரத் தானியமே. மேலே மதிப்பெண் உலர்ந்து மினுங்கும்; உள்ளே அறிவு இராது. வேலைக்கான நேர்காணலில் கை உள்ளே நுழையும்போது உண்மை வெளிப்பட்டுவிடும். கருவியிடம் விளக்கம் கேட்டுக் கற்பது வேறு. கற்காமல் கற்றதாகக் காட்டுவது வேறு.

ஆயுளும் இளமையும் பற்றிய கேள்விகளுக்கு விடை, மேலே கூறிய அந்த ஒரு நாளின் மணிக்கணக்கில் இருக்கின்றது. பேருந்தில் கழியும் நேரத்தில் ஒரு மணி நேரத்தைப் பாடத்திற்கோ குர்ஆன் ஓதுவதற்கோ ஒதுக்கினாலும், ஓர் ஆண்டில் எவ்வளவு சேரும் என்பதை அம்மாணவனே கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

பணம் வராத நாள்

இனி, பெரியோர்கள் கவனிக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். சிறுபான்மை மாணவர்களின் தொழிற்கல்விக்கென ஒன்றிய அரசு 2007-08ஆம் ஆண்டில் தகுதியும் வறுமையும் கருதிய உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமாக ஆண்டுக்கு 20,000 ரூபாய் வரையிலும், பராமரிப்புக்கென விடுதி மாணவர்களுக்கு 10,000 ரூபாயும், வீட்டிலிருந்து வருவோருக்கு 5,000 ரூபாயும் வழங்கப்பட்டன. 30 விழுக்காடு மாணவியருக்கென ஒதுக்கப்பட்டது. நம் பிள்ளைகள் பலர் பொறியியலும் கணினியும் பயில இத்திட்டம் துணைநின்றது. ஆனால் அதற்கான ஒப்புதல் 2021-22ஆம் ஆண்டோடு முடிவுற்றது. ஆய்வு மாணவர்களுக்கான மவ்லானா ஆஸாத் தேசிய உதவித்தொகை 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. மவ்லானா ஆஸாத் கல்வி அறக்கட்டளையை மூடவும் 2024 பிப்ரவரியில் ஆணையிடப்பட்டது.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. புதுச்சேரி அரசு, சென்டாக் வழியாகச் சேரும் மாணவர்களுக்குப் பெருந்தலைவர் காமராஜர் பெயரில் கல்வி நிதியுதவி வழங்குகின்றது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் எல்லாச் சமூகத்தாருக்கும் பொதுவான திட்டங்களும் உள்ளன. இவற்றுக்கு விண்ணப்பிக்க வருமானச் சான்றிதழ், குடியிருப்புச் சான்றிதழ், ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியன தேவை. கடைசி நாள் வரை காத்திராமல் வில்லியனூர், பாகூர் வட்டாட்சியர் அலுவலகங்களில் முன்கூட்டியே இவற்றைப் பெற்று வைத்துக்கொள்வது பெற்றோரின் கடமை.

இருப்பினும் ஒரு சிக்கல் தீராது. கட்டணம் செலுத்தும் நாள் முதலில் வருகின்றது. உதவித்தொகை பின்னர் வருகின்றது. இடைப்பட்ட சில மாதங்களில்தான் உம்மாவின் நகை அடகுக்கடைக்குப் போகின்றது. வட்டி வீட்டுக்குள் நுழைகின்றது. அல்லது, 'படித்தது போதும்' என்று பிள்ளை கைப்பேசிக் கடைக்கோ வளைகுடா விசாவுக்கோ அனுப்பப்படுகின்றான்.

மேதகு ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் வாழ்விலும் அந்நாள் வந்தது. சென்னை எம்.ஐ.டி.யில் சேர அன்றைக்கு ஆயிரம் ரூபாய் அளவில் தேவைப்பட்டபோது, அவருடைய சகோதரி ஜோஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். தம் உழைப்பினாலேயே அவற்றை மீட்பதெனக் கலாம் உறுதிபூண்டார்; அதற்கு அவர் கண்ட வழி, கடுமையாகப் படித்து உதவித்தொகை பெறுவதே. பின்னர் ஒரு விமான வடிவமைப்பு வேலை தாமதமானபோது, மூன்று நாட்களில் முடிக்காவிடில் உதவித்தொகை நிறுத்தப்படும் எனப் பேராசிரியர் சீனிவாசன் எச்சரித்தார். இரவு உணவையும் விட்டு வரைபடப் பலகையின் முன் நின்று அவர் அதனை முடித்துக் கொடுத்தார். உதவித்தொகையின் அருமை, வளையலின் விலையை அறிந்த தம்பிக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு சகோதரியும் வளையலைக் கழற்ற வேண்டுமா? ஜமாஅத் எதற்காக இருக்கின்றது?

ஜமாஅத்தின் பொறுப்பு

1983இல் இஸ்லாமிய வளர்ச்சி வங்கி, தன்னில் உறுப்பினரல்லாத நாடுகளில் வாழும் முஸ்லிம் மாணவர்களுக்கென ஓர் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவிலும் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கு அது வழங்கப்பட்டது. அதன் அமைப்பு சிந்தனைக்குரியது. வங்கியைப் பொறுத்தவரை அது சமுதாயத்திற்கு அளிக்கும் நன்கொடை; மாணவரைப் பொறுத்தவரை அது வட்டியில்லா அழகிய கடன். படித்து வேலையில் அமர்ந்தபின் அவர் தம் நாட்டிலுள்ள அறக்கட்டளையிடம் அதனைத் திருப்பிச் செலுத்த, அப்பணத்தைக் கொண்டு அடுத்த மாணவர் படிப்பார். ஒருமுறை ஊற்றிய நீர் வாய்க்கால் வழியே வயலுக்கு வயல் பாய்வது போன்ற ஏற்பாடு.

இதனையே சிறிய அளவில் ஒரு மஹல்லா ஜமாஅத்தும் செய்ய இயலும். வில்லியனூர்ச் சுல்தான்பேட்டை போன்று நம் மக்கள் நிறைந்து வாழும் பகுதிகளில் இது கடினமன்று. உதவித்தொகை வரும் வரையிலான இடைக்காலக் கட்டணத்திற்கு மட்டும் பைத்துல்மாலில் ஒரு தனி நிதி வைத்து, தொகை வந்ததும் மாணவன் திருப்பித் தருமாறு எழுத்தில் உறுதி பெற்றுக்கொள்ளலாம். கடனை எழுதி வைப்பது அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ்வே கற்றுத்தந்த ஒழுங்காகும்.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. சுழல்கடன் நிதியை ஸதகா, நன்கொடை ஆகியவற்றைக் கொண்டே அமைக்க வேண்டும். ஜகாத் பொருளோ தகுதியுடையவருக்கே உரிமையாக்கித் தரப்பட வேண்டியது. அதைத் திரும்பக் கேட்கும் கடனாகத் தருவது முறையாகாது. அவ்வாறாயின் மாணவனுக்கு ஜகாத் தரலாமா? ஹனஃபி மத்ஹபின்படி, பருவமடைந்த மாணவனின் சொந்த உடைமை அடிப்படைத் தேவைகள் போக நிஸாப் அளவை எட்டாதிருக்குமாயின் அவன் ஜகாத் பெறத் தகுதியுடையவனே. சம்பாதிக்கச் சென்றால் மார்க்கக் கல்வி தடைபடும் என்னும் நிலையிலுள்ள மாணவனுக்கு ஜகாத் கூடும் என ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். சமுதாயத்திற்குத் தேவையான உலகக் கல்வி பயிலும் ஏழை மாணவருக்கும் இது பொருந்தும் என இக்கால அறிஞர்கள் பலர் கூறுகின்றனர். தத்தம் நிலைமையை உள்ளூர் ஆலிமிடம் கூறித் தெளிவு பெறுதல் நலம்.

பெண்மக்களையும் மறவோம்

கல்வியைத் தேடுதல் ஒவ்வொரு முஸ்லிமுக்கும் கடமை என்னும் நபிமொழியில் பெண்மக்களும் அடங்குவர். ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணியே அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுத்தந்தார்கள். உதவித்தொகை கிடைத்தும், 'அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது' என்ற ஒரு சொல்லால் நம் பெண்மக்கள் பலரின் கல்வி நின்றுவிடுகின்றது. பெற்றோரின் அச்சம் நியாயமானதே. ஆனால் ஒரே திசையில் செல்லும் மாணவியர் நால்வரைச் சேர்த்து அனுப்புவதும், மாலையில் பேருந்து நிறுத்தத்தில் அத்தாவோ அண்ணனோ காத்திருப்பதும், நல்ல மகளிர் விடுதியை விசாரித்தறிவதும் நம்மால் இயலாதவையா? தடையை நீக்குவதே பாதுகாப்பு, மகளை நிறுத்துவதன்று.

முடிவாக, உதவித்தொகை பெற்றுப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். கொடுக்கும் உயர்ந்த கை, வாங்கும் தாழ்ந்த கையைவிடச் சிறந்தது என நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். இன்று உங்கள் கை கீழே இருப்பதில் இழிவில்லை. திண்ணைத் தோழர்களின் கையும் அவ்வாறே இருந்தது. படித்து முடித்து முதல் ஊதியம் பெறும் நாளில் அக்கையை மேலே உயர்த்துங்கள். உங்களுக்குப் பின்னால் அதே இரு பேருந்துகளில் ஏறிச் செல்லும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு பருவக் கட்டணத்தைச் செலுத்துங்கள். கற்றதைக் கொண்டு என்ன செய்தாய் என்னும் மறுமைக் கேள்விக்கு அதுவும் ஒரு விடையாகும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், ஹலாலான வாழ்வாதாரத்தையும், அமானிதம் பேணும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! அவர்களைத் தாங்கும் கரங்களாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.